தன்னை அறியாமல் டாரட் பயில ஒரு பாதுகாப்பான கையேடு

டாரட் அட்டை எதிர்காலம் சொல்வதற்கில்லை, நம்மை நாமே பார்த்துக்கொள்வதற்கு என்று இப்போது எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். பார்த்தால் ஏதாவது தெரிந்து தொலைக்கும். அண்ணனோடு பேசாமல் இருப்பதற்கு ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் காரணம் நிஜக் காரணமில்லை என்று தெரியலாம். மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்டு வருடாவருடம் மனுப் போடுகிறவர், எங்கே கிடைத்துவிடுமோ என்றுதான் பயந்துகொண்டிருக்கிறார் என்று தெரியலாம். இதெல்லாம் குடும்பத்துக்கு ஆகாது.

ஆகவே அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் தமிழர்களுக்காக இந்தக் கையேடு. 2011 கணக்கெடுப்பில் தீவுவாசிகளில் 100-க்கு 15 பேர் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள்; வாசகர் பஞ்சமில்லை. வரி பிசகாமல் பின்பற்றினால் ஆறு மாதத்தில் 78 அட்டையும் அத்துப்படியாகும். உங்களைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவராது. அதற்கு நான் பொறுப்பு.

வாங்கும் படலம்

எல்லோரும் வாங்குவது ரைடர்–வெயிட் கட்டு. 1909-ல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது. 78 படங்களையும் உட்கார்ந்து வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. கிடைத்தது சொற்பக் கூலி. கட்டின் பெயரில் பதிப்பித்தவர் இருக்கிறார், யோசனை சொன்னவர் இருக்கிறார், வரைந்தவர் ரொம்ப காலம் இல்லை. அட்டைகளின் மூலையில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதைக் கவனிக்காதீர்கள். கவனித்தால், நம் வீட்டில் யாருடைய வேலை யாருடைய பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற யோசனை வரும். அது நம் பாடத்திட்டத்தில் இல்லை.

முதல் கட்டைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, யாராவது பரிசாகத் தரவேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தீவில் இது சுலபம். 744 என்று தொடங்கும் பின்கோடைப் போட்டதும் சில கடைகள் கையை விரித்துவிடும். சென்னையிலிருந்து வரப்போகும் மச்சினனிடம் வாங்கிவரச் சொல்லுங்கள். வந்ததும் எவ்வளவு ஆச்சு என்று ஒரு தடவை கேளுங்கள். அவர் பரவாயில்லை என்பார். இரண்டாம் தடவை கேட்காதீர்கள். பரிசாகிவிட்டது.

வந்து சேர்ந்த கட்டு அதிக நாள் தாங்காது. மே மாதம் தொடங்கிய மழை டிசம்பர் வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்கிற ஊர். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். இரண்டே மாதத்தில் அட்டைகள் வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். கவலைப்பட வேண்டாம், இது வசதி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நெளிவதால், கவிழ்த்து வைத்திருக்கும்போதே எது எந்த அட்டை என்று தெரிந்துவிடும். பிடிக்காத அட்டைப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சுத்தம் செய்யும் படலம்

கட்டு வந்த அன்றே எடுத்துப் பார்த்துவிடுவது பெரிய தவறு. அதைச் சுத்தி செய்ய வேண்டும். ஸ்படிகம் வை, நிலா வெளிச்சத்தில் வை, உப்பில் வை, சங்கு வை, பவளம் வை என்று ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் வந்து சேர்ந்த பிறகு இந்தப் பட்டியல்கள் தடங்கலில்லாமல் வந்து இறங்குகின்றன. அதற்கு முன்னால் ஒரு வீடியோ ஓடுவதற்குள் திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சும்மா நேரத்தில் மனிதர் எதையாவது யோசித்துவிடும் அபாயம் இருந்தது. இப்போது இல்லை.

பவளத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டானாலும் வனவிலங்குச் சட்டப்படி எடுப்பது குற்றம். ஆத்ம விசாரணைக்கு உட்கார்ந்தவர் வனத்துறை விசாரணைக்குப் போய் நிற்கக் கூடாது.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். தனிமையில் உட்கார் என்பார்கள். மனிதன் தனியாக உட்காரட்டும் என்று 1896-லிருந்து 1906 வரை ஏழு சிறகுகளோடு கல்லும் செங்கல்லுமாக ஒரு கட்டடமே எழுப்பிய ஊர் இது. அந்தச் செல்லுலார் சிறையில் ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைத்தான் பார்க்கும். உள்ளே அடைபட்டவர்கள் அடுத்த அறைக்குச் சேதி அனுப்ப வழி தேடினார்களே தவிர, தனிமைக்கு நன்றி சொல்லவில்லை. அதனால் தனிமையை நம்பாதீர்கள். டிவி ஓடுகிற கூடத்தில் உட்காருங்கள்.

அடுத்தது நேரம். போர்ட் பிளேயர், அதாவது 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், சென்னைக்குப் பன்னிரண்டரை டிகிரி கிழக்கே இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய 50 நிமிடம் முந்திக்கொண்டு உதிக்கிறது. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்று. சென்னையில் அச்சடித்த காலண்டரில் திங்கட்கிழமை ஏழரைக்குத் தொடங்கும் ராகு காலம் இந்த ஊரில் எத்தனை மணிக்குத் தொடங்கும்? வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் கேளுங்கள். பேச்சு முடிவதற்குள் ராகு காலமும் போயிருக்கும், நல்ல நேரமும் போயிருக்கும், அட்டை எடுக்கும் எண்ணமும் போயிருக்கும்.

பூர்வ கதைப் படலம்

யாராவது இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எகிப்து என்று சொல்லுங்கள். 1781-ல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் அப்படித்தான் எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியது 1822-ல். அதற்கு நாற்பது வருடம் முன்னால், ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாமலே இவ்வளவு உறுதியாகச் சொன்ன மனிதரை நாம் மதிக்க வேண்டும். நிஜத்தில் இது 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் பணக்காரர்கள் பொழுதுபோகாமல் ஆடிய சீட்டாட்டம். அதைச் சொன்னால் கட்டணம் வாங்க முடியாது.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. நம் தீவுகளிலேயே நன்கௌரி பக்கத்து நிக்கோபாரிகள் நோய்ப்பட்டவருக்காகப் படப்பலகை செய்து வீட்டில் வைப்பது வழக்கமாக இருந்தது. ஹென்டா என்பார்கள். சூரியன், நிலா, தென்னை, மீன், கப்பல், மனிதர்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒரு நோயாளிக்காக, அந்த ஒரு வீட்டுக்காகச் செய்தது. லட்சக்கணக்கில் அச்சடித்த லண்டன் கட்டை விட்டுவிட்டு இதைப் பேசினால் நம்மைப் படித்தவர் என்று யாரும் நினைக்கமாட்டார்கள் என்பதால் மேலே போகிறேன்.

கேள்வி கேட்கும் படலம்

இதுதான் முக்கியம். கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டால் காரியம் கெட்டுவிடும். பதில் உங்களுக்கு வெளியே இருக்கும் கேள்வியாகப் பார்த்துக் கேளுங்கள். ‘நான் ஏன் ஊருக்குப் போகணும் போகணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்’ என்று கேட்காதீர்கள். ‘கப்பல் என்றைக்கு’ என்று கேளுங்கள். ‘எனக்கு ஏன் கோபம் வந்தது’ வேண்டாம். ‘நாத்தனார் மனசில் என்ன இருக்கிறது’ என்பது உத்தமமான கேள்வி. அட்டைக்கு நாத்தனாரைத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கலாம்.

இந்த விஷயத்தில் நம் முன்னோர் அவ்வளவு எச்சரிக்கையாக இல்லை. முல்லைப்பாட்டில் அரசன் போருக்குப் போயிருக்கிறான், அரசி கலங்கிக் கிடக்கிறாள். முதிய பெண்கள் நெல்லும் முல்லையும் தூவி, ஊர்ப்புறத்தில் போய் விரிச்சி கேட்டு நிற்கிறார்கள், அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லைக் குறியாகக் கொள்ள. அங்கே ஓர் ஆயர்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து, இதோ உன் தாய்மார் வந்துவிடுவார்கள் என்கிறாள். கன்றுக்குச் சொன்ன வார்த்தை. அதை எடுத்துக்கொண்டு வந்து, நல்ல சொல் கேட்டோம், உன் தலைவன் வருவான் என்று அரசியிடம் சொல்கிறார்கள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. அவள் அழுகையோ நிற்பதாக இல்லை. நப்பூதனார் சாமர்த்தியசாலி. குறி நல்ல குறிதான், வார்த்தையும் நல்ல வார்த்தைதான். கேட்கிறவள் மனசு எங்கே இருக்கிறது என்பதை அந்த அழுகையில் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். 78 அட்டையையும் விரித்து வைத்துக்கொண்டு இதைவிட அதிகமாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம்.

எச்சரிக்கைக்கு உதாரணம் வேண்டுமானால் அகப்பாட்டில் வரும் முருகன் பூசாரி வேலன். பெண் மெலிந்து போகிறாள். தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கை உருட்டிப் பார்த்து முருகன் குற்றம் என்கிறான். பெண்ணுக்கும் தோழிக்கும் காரணம் இன்ன மலைநாட்டு ஆள் என்று தெரியும். தெரிந்தவர்கள் வாயைத் திறக்காமல் இருக்க, தெரியாதவனுக்கு ஆட்டுக்கறியோடு மரியாதை நடக்கிறது. இந்த ஏற்பாட்டைத்தான் நாம் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்.

கிளி ஜோசியத்தைப் பரிந்துரைக்கலாமா என்று யோசித்தேன். கிளிக்கு ஒரு நெல் போதும், வியாக்கியானம் செய்யாது, நம் முகத்தைப் படிக்காது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மணி என்ற கிளி 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் கால் இறுதி ஆட்டங்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி உலகப் புகழ் அடைந்தது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து என்றது; ஜெயித்தது ஸ்பெயின். 2024 மக்களவைத் தேர்தலில் கடலூர் வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு ஒரு கிளி வெற்றி என்று அட்டை எடுத்துக் கொடுத்தது. வனத்துறை வந்து கிளிகளைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் தோற்றும் போனார். அந்தமானில் காட்டுக்கிளிக்குக் குறைவில்லை. வனவிலங்குச் சட்டம் இங்கேயும் அதுதான். கிளி வேண்டாம்.

பொருள் சொல்லும் படலம்

அட்டைகளுக்கு உள்ளூர்ப் பொருத்தம் கண்டுபிடித்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘முட்டாள்’ அட்டையில் ஒரு இளைஞன் தோளில் மூட்டையோடு ஆகாயத்தைப் பார்த்தபடி பாறை விளிம்பில் கால் வைக்கப்போகிறான், ஒரு நாய்க்குட்டி குரைக்கிறது. வண்டூர்க் கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போய் செல்ஃபி எடுக்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தூக்கில் தொங்குபவன்’ ஒரு காலில் தலைகீழாகத் தொங்கினாலும் முகம் அமைதியாக இருக்கிறது; கப்பல் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்.

பலன் சொல்வதில் குருநாதர் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர். 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு, உங்களுக்கென்றே எழுதியது என்று சொல்லி ஆளுக்கொரு குணச்சித்திரம் கொடுத்தார். 5-க்கு எத்தனை மார்க் என்று கேட்டார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வாக்கியங்கள். போர்ட் பிளேயருக்கு ஏற்ப நான் ஒன்று தயாரித்திருக்கிறேன்: ‘நீங்களோ உங்களைச் சேர்ந்தவர்களோ கடல் தாண்டி வந்திருக்கிறீர்கள். அக்கரையில் ஒரு சொத்து விவகாரம் இருக்கிறது. சர்க்கார் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வரவேண்டும். வயிற்றில் கொஞ்சம் தொந்தரவு உண்டு.’ அபர்தீன் பஜாரில் மணிக்கூண்டுப் பக்கம் போகிற வருகிற யாரிடமும் சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு அட்டையை மட்டும் முதல் நாளே கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வாள் ஆறு. ஒரு சின்னப் படகு. பின்னால் நின்று ஒருவன் கோல் ஊன்றித் தள்ளுகிறான். முன்னால் முக்காடிட்டு ஒருத்தி குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் குழந்தை. மூன்று பேருக்கும் முதுகுதான் தெரியும். படகுக்குள் ஆறு வாள் செங்குத்தாக நிற்கிறது. ஒரு பக்கம் தண்ணீர் அலையடிக்கிறது, இன்னொரு பக்கம் சலனமில்லை. கைதியாக வந்தவர், வியாபாரத்துக்கு வந்தவர், சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர், முன்னாள் ராணுவத்தினராக 1969-லிருந்து கேம்பல் பேயில் குடியேறியவர் என்று கடலைத் தாண்டாத குடும்பமே இங்கு குறைவு. இவர்கள் மத்தியில் இந்தப் படத்தை வைப்பது விபரீதம். டெல்லானிப்பூரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மருமகள் டாரட் ஆன்லைன் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள்; எதிரில் இந்த அட்டை. மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இது யாரும்மா, முக்காடு போட்டுக்கிட்டு?”

“ஒரு பொம்பளை, அத்தை. பிள்ளையக் கூட்டிக்கிட்டு அக்கரைக்குப் போறா.”

“படகு தள்ளுறவன் புருசனா?”

“புக்குல அப்படிப் போடல.”

“புருசனா இருக்காது. இருந்தா இவ குனிஞ்சா உக்காந்திருப்பா? திட்டிக்கிட்டே வந்திருப்பா.” கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். “நான் வந்தப்ப கப்பல்ல மூணு நாளும் வாந்தி. உங்க மாமா மேல்தட்டுல சீட்டாடிக்கிட்டு இருந்தாரு. தண்ணி வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கல.”

“இத்தனை நாளா சொன்னதே இல்லையே அத்தை.”

“என்னத்தச் சொல்றது. கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரு. நான்தான் கூப்பிடல.” பிறகு, “எழுந்திரு, பால் பொங்குது பாரு.”

புத்தகத்தில் இந்த அட்டைக்கு ‘இடமாற்றம், துயரத்திலிருந்து விலகிச் செல்லுதல்’ என்று போட்டிருக்கும். அந்த அம்மாள் புத்தகத்தைத் தொடவில்லை. கோர்ஸுக்குப் பணம் கட்டவில்லை. சுத்தி செய்யவில்லை. ராகு காலம் பார்த்தாரா என்பதும் சந்தேகம். எதற்கோ வரைந்த படத்தைப் பார்த்து ஏதோ சொல்லப்போய், மாமாமீது வைத்திருந்த வழக்கில் தன் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பயிற்சி இல்லாதவர்கள் கையில் அட்டை கிடைத்தால் இப்படித்தான் விபத்து நடக்கும்.

உங்களுக்கு நேர்ந்தால் பதற வேண்டாம். இதற்கென்றே ‘தெளிவு அட்டை’ என்று ஒரு வசதி இருக்கிறது. எடுத்த அட்டை உறுத்தினால் விளக்கம் வேண்டும் என்று இன்னொன்று எடுக்கலாம். அதுவும் உறுத்தினால் அதற்கு விளக்கமாக மூன்றாவது. கோப்பை பத்து வரும்வரை எடுத்துக்கொண்டே போங்கள். வானவில்லுக்குக் கீழே கணவனும் மனைவியும் கை தூக்கி நிற்பார்கள், குழந்தைகள் ஆடும். அங்கே நிறுத்தி, வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வையுங்கள்.

கேலியை ஒரு நிமிஷம் ஒதுக்கிவைத்து ஒன்று சொல்ல வேண்டும். மின்னல் தாக்கி உடையும் ‘கோபுரம்’ அட்டைக்கு, பழையது இடிந்து புதியது பிறக்கும் என்று எல்லாப் புத்தகமும் பொருள் சொல்லும். இந்தத் தீவுகளில் அதைச் சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் நிலமே நாலேகால் மீட்டர் இறங்கியது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் காலடிக்குக் கடல் வந்துவிட்டது. கச்சாலிலும் கார் நிக்கோபாரிலும் ஆளை இழக்காத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் எந்தத் தீவிலிருந்து வந்தவர் என்று தெரியாமல் அந்த அட்டைக்குப் பலன் சொல்லத் துணிகிறவர் கையில் எந்த அட்டையையும் கொடுக்கக் கூடாது.

நோட்டுப் படலம்

ஒரு நோட்டு வாங்கி, தேதி, எடுத்த அட்டை, படத்தைப் பார்த்ததும் வாயில் வந்த முதல் வார்த்தை, இந்த மூன்றையும் எழுதி வைக்கச் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டச் சொல்வார்கள். கண்டிப்பாகக் கூடாது. வேறு வேறு அட்டைக்கு, வேறு வேறு கிழமையில், நீங்கள் ஒரே ஆளைப் பற்றியே எழுதியிருப்பது தெரிந்துவிடும். எழுதாமல் இருக்க முடியாது என்றால் அழகான நோட்டாக வாங்குங்கள். அழகான நோட்டில் யாரும் எழுதியதில்லை.

பிறருக்குப் பார்க்கும் படலம்

ஆறு மாதம் ஆனதும் அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும். வருவார்கள். வருகிறவர்கள் யாரும் தங்களைப் பற்றி அறிய வரவில்லை. பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன், பாகப்பிரிவினை, மாற்றல். முக்கால்வாசிப் பேருக்குக் கப்பல். சென்னைக்கு 1,200 கி.மீ., மூன்று நாள் பயணம், விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். புயல் என்று அறிவிப்பு வந்தால் கப்பலும் எழும்பாது. ‘தேர்’ அட்டை வந்தால் கிளம்பும், ‘நிலா’ வந்தால் தாமதம் என்று பொதுவாகச் சொல்லி வையுங்கள். பிறகு, அன்றைய டெய்லி டெலிகிராம்ஸ் பத்திரிகையில் கப்பல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, தீவுவாசிகளுக்கான ஐலண்டர் கார்டை எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போய் வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். சலுகைக் கட்டணம் வாங்கித் தரும் அட்டை இந்தத் தீவில் அது ஒன்றுதான். அது கட்டில் இல்லை. உங்கள் தட்சிணையை அவர் அதைப் புரிந்துகொள்வதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.